அரளிக்குப் போட்ட எரு

அந்த அம்மாவின் இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. அதில் பாதித் தண்ணீர் இருந்தது. குடத்தைக் கீழே வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவராகவும் வைக்கவில்லை. எங்கள் குடியிருப்புப் பிள்ளையார் கோயிலின் கம்பி வேலிக்கு வெளியே, சித்திரை மாதத்துக் காலை வெயிலில், குடத்தோடு நின்றபடியேதான் தன் மேல் சொல்லப்பட்ட குற்றத்தை அவர் கேட்டார்.

வேலிக்கு உள்ளே நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் வரிசையாகப் பத்து செவ்வரளிச் செடிகள். பத்தும் கருகியிருந்தன. இலைகள் நுனியிலிருந்து காம்பு வரை தீய்ந்து, எண்ணெயில் கருகிய அப்பளத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. லேசாகக் காற்று அடித்தாலும் சலசலவென்று உதிர்ந்தன.

“தீட்டோட வந்து தண்ணி ஊத்துனா சாமி செடி தாங்குமாம்மா?” என்று கேட்டார் கோயில் கமிட்டித் தலைவர்.

“கோயிலுக்குள்ள காலே வெக்கலீங்க சாமி. செடி காயுதேன்னு வெளிய நின்னு ஊத்துனேனுங்க.”

“நீ வெளிய நின்னாலும் ஊத்துன தண்ணி உள்ளதான போச்சு?”

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார்.

“நீங்க கோழிப்பண்ணையில இருந்தவரு. மண்ணு, எருவு எல்லாம் தெரிஞ்சவரு. இது எதனால காஞ்சுதுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க.”

எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏனென்றால் அந்தச் செடிகளைக் கருக்கியவன் நான்தான்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் கோழிப்பண்ணைப் பிரதாபங்களைப் படித்து வருகிறீர்கள். கூண்டுக்குள் சாரைப்பாம்பு புகுந்ததை எழுதினேன். முட்டை லாரி குடை சாய்ந்ததை எழுதினேன். எல்லாவற்றிலும் கடைசியில் சமாளித்தவன் நானாகவே இருந்தேன், கவனித்திருப்பீர்கள். இந்த வாரம் அப்படி இல்லை. அந்த அம்மாவின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அவருக்கு எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்கிறேன்.

பத்துக் குச்சிகள்

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் சாலையில், சோளக்காடாக இருந்த இடத்தை மனை பிரித்தபோது வந்து குடியேறியவர்கள் நாங்கள். பண்ணை சூப்பர்வைசர், பள்ளிக்கூட வாத்தியார், லாரி ஆபீஸ் மேனேஜர் என்று கலந்துகட்டிய தெரு. வீடுகள் எழும்பியதும் எல்லோரும் சேர்ந்து சின்னதாகப் பிள்ளையார் கோயில் ஒன்று கட்டினோம்.

அந்த அம்மா எங்களுக்கு முன்பே அங்கே இருந்தவர். சோளக்காட்டில் களையெடுத்தவர். மனைகள் முடியும் இடத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வீட்டில் கணவரோடும் நான்கு ஆடுகளோடும் இருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம்.

கோயிலைச் சுற்றிச் செடி வைக்க வேண்டும் என்று கமிட்டியில் மூன்று கூட்டம் போட்டுப் பேசினோம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் ஒரு மழை நாளில் பத்து அரளிக் குச்சிகளோடு வந்து நட்டுவிட்டுப் போய்விட்டார். விரல் கனம், இரண்டு சாண் நீளம். அடியிலிருந்த இலைகளை உருவிவிட்டு, பாதிக் குச்சி மண்ணுக்குள் போகும்படி ஊன்றியிருந்தார். இது எங்கே வரப்போகிறது என்றேன் நான். ஐப்பசி மழை முடிவதற்குள் பத்தும் துளிர்த்துவிட்டன.

பூத்து ஓய்ந்ததும் வருடத்துக்கு ஒரு முறை பழைய கொம்புகளை வெட்டிக் கழிப்பார். இளங்கொழுந்தில் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பினால் மருந்து அடிக்க மாட்டார். குழாயைத் திறந்து, வாயை விரலால் அடைத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவார். அவ்வளவுதான் வைத்தியம். பொழுது விடியும்போது பூவை மொட்டாகவே பறித்து வாழைநாரில் தொடுத்துக் குருக்களிடம் கொடுப்பார்.

இதற்கெல்லாம் அவர் கூலி கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை. ஒன்று மட்டும் உண்டு. வைகாசியில் நடக்கும் ஆண்டு விழாவில், அவர் தொடுத்த மாலைதான் முதலில் பிள்ளையார் கழுத்துக்கு ஏறும். அன்றைக்கு அவர் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முன்னால் நின்று தீபாராதனை பார்ப்பார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் தெருவில் அவருக்கு முன்வரிசை.

பதினாறு நாள்

ஒரு சித்திரையில் பள்ளிபாளையத்திலிருந்து செய்தி வந்தது. அந்த அம்மாவின் கணவருடைய அண்ணன் இறந்துவிட்டார். பங்காளித் தீட்டு. பதினாறு நாள் கோயில் பக்கம் வரக் கூடாது.

போவதற்கு முன் என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

“ஏனுங்க, பதினாறு நாளைக்கு நான் வரக் கூடாதுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா செடிக்குத் தண்ணி மட்டும் காட்டுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க.”

“நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க” என்றேன்.

தெருவில் அத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் சொன்னார் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். அதோடு மண்ணும் எருவும் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி நானே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அவர் போன மறுநாள் கமிட்டிக் கூட்டம். ஆண்டு விழாவுக்குச் சேலத்திலிருந்து மாலை வரவழைக்கலாம் என்றார் தலைவர். “எதுக்குங்க வெளிய போகணும்? நம்ம தோட்டத்துப் பூவே இந்த வருசம் கோயில் முழுக்க நிக்கும். அது என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். பண்ணையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் என் பேச்சுக்குக் கோழிகள் மட்டும்தான் சத்தம் கொடுத்திருக்கின்றன. மனிதர்கள் கை தட்டியதும் தலை கால் புரியவில்லை.

தண்ணீர் மட்டும் காட்டினால் அது அந்த அம்மாவின் தோட்டம். நான் ஏதாவது செய்து பூ கூடினால் அது என் தோட்டம். என் புத்தி அன்றைக்கு இப்படித்தான் ஓடியது.

வெங்காயக்காரரும் நானும்

நாமக்கல்காரர்களுக்குக் கோழி எருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முட்டைக்கோழிக் கூண்டுகளுக்கு அடியில் அது மலையாகச் சேரும். புதிதாக இருக்கும்போது பக்கத்தில் போனால் கண் எரியும். அதை ஆறேழு மாதம் குவித்துப் போட்டு, சூடெல்லாம் தணிந்து, கையில் அள்ளினால் மண் மாதிரி உதிர வேண்டும். அதற்குப் பிறகுதான் செடிக்குப் போடலாம். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! நான் வேலையில் இருந்த நாளில் எருமப்பட்டிப் பக்கத்துச் சின்னவெங்காய விவசாயி ஒருவர் அவசரப்பட்டுப் பச்சை எருவை வாங்கிப் போய் வயலில் இறைத்துவிட்டார். வெங்காயத் தாள் மொத்தமும் வெளுத்துச் சாய்ந்துவிட்டது. ஒரு தாளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பண்ணைக்கு வந்து நின்றார். “சோறுதானய்யா திங்கற? இது தெரியாதா?” என்று வேலையாட்கள் முன்னால் கத்தினேன். “தெரியாமப் போச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கையிலிருந்த வெங்காயத் தாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அவருக்குத் தெரியாமல் போனது. எனக்கு எல்லாம் தெரியும்.

பழைய பண்ணைக்கு போன் போட்டேன். மக்கிய எரு முழுவதையும் முந்தின நாள்தான் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கூண்டுக்கு அடியில் இருப்பதுதான் இருக்கிறது என்றார்கள். ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரே நிமிடம்தான். ‘அரளிதானே, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது’ என்று இரண்டு மூட்டை கொண்டுவரச் சொன்னேன்.

அரளி மேல் எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. முட்டை லாரிகளில் சங்ககிரி வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நெடுஞ்சாலைக்கு நடுவில் கிலோமீட்டர் கணக்கில் அரளி நிற்கும். ஒரு பக்கம் லாரிப் புகை, மறுபக்கம் பஸ் புகை, கீழே தார் வெக்கை. எப்போதாவது ஒரு தண்ணீர் லாரி வந்து நனைத்துவிட்டுப் போகும். அதிலும் அது சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக்கொண்டிருக்கும். எதையும் தாங்கும் என்று தெரிந்துவிட்டால், அது எதைத் தாங்குகிறது என்று நாம் பார்ப்பதே இல்லை. செடியிடம் மட்டும் நான் அப்படி இருந்ததாகவும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவே கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்த நேரம் பார்த்து எருவைப் போட்டேன். தூரில் படும்படி சுற்றிலும் கொட்டினேன். நாற்றம் தெரியாமலிருக்க மேலே மண்ணைத் தள்ளி மூடினேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். நிறைய ஊற்றினால் சத்து ஓடிவிடும் என்று கணக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கமலா மூக்கைச் சுளித்தாள்.

“கோயிலுக்குப் போறேன்னுதானுங்க போனீங்க? பண்ணையில இருந்து வந்த மாதிரி வாசமடிக்குது?”

“காத்துல வரும்” என்றேன்.

எங்கள் ஊரில் அப்படிச் சொல்லலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாலு திசையிலும் பண்ணைதான்.

நான் சொன்ன பதில்

நாலாம் நாள் இலை நுனி பழுத்தது. ஆறாம் நாள் கருகியது. எருவை வாரி எடுத்திருக்கலாம். எடுத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

தீட்டு முடிய இன்னும் சில நாள் இருந்தபோது அந்த அம்மா பள்ளிபாளையத்திலிருந்து திரும்பியிருக்கிறார். கோயில் வழியாகத்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். செடிகளைப் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து விடியும் முன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து, வேலிக்கு வெளியே நின்று, கம்பி இடுக்கு வழியாகத் தூரில் ஊற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் நடைப்பயிற்சிக்குப் போன தலைவர் பார்த்துவிட்டார்.

ஆக, அவர் செய்ததுதான் சரியான வைத்தியம். எருச் சூட்டில் வேகும் வேருக்கு ஒரே மருந்து நிறையத் தண்ணீர். அந்த வைத்தியத்தையே குற்றம் என்று பிடித்துக்கொண்டு நின்றோம்.

இப்போது அந்தக் காலைக்கே திரும்ப வருகிறேன். எதனால் காய்ந்தது என்று அவர் என்னைக் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். ‘எரு போட்டேன், தப்புப் பண்ணிட்டேன்’ என்றால் முடிந்தது. கொஞ்சம் சிரித்திருப்பார்கள். கோழிக்காரர் கோயிலைக் கோழிக்கூண்டு ஆக்கிவிட்டார் என்று ஒரு மாதம் கேலி பேசியிருப்பார்கள். அதற்குமேல் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கேலிக்குப் பயந்துதான் வாயைத் திறந்து இப்படிச் சொன்னேன்: “வெயில் கடுமைங்க. வெயிலும் ஒரு காரணமா இருக்கும்.”

“வெயிலும் ஒரு காரணம்னா, மீதிக் காரணம் நமக்குத்தான் தெரியுமே” என்றார் தலைவர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தார். நான் அரளித் தூரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவுகள் சுருக்கமாக எடுக்கப்பட்டன. பரிகார பூசை செய்வது. கருகிய செடிகளைத் தோண்டி எறிந்துவிட்டு குரோட்டன்ஸ் வைப்பது. இனிமேல் அந்த அம்மா தோட்டத்துப் பக்கம் வரக் கூடாது. விழாவுக்கு மாலை சேலத்திலிருந்து வரும். தோண்டி எறியும் பொறுப்பு எனக்கு. அவருடைய இடத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்திருந்தால் கூட்டமே கூடியிருக்காது. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “என்னைய வர வேண்டாமுன்னா வல்லீங்க. செடியத் தோண்டிப்போடாதீங்க, சாமி. வேர் இருக்குது.”

பிறகு குடத்துத் தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே சுமந்துகொண்டு போனார்.

வீட்டில் கமலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பதில் எனக்கு முன்பே அவள் காதுக்குப் போயிருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “அந்த வெயில் நம்ம ஊட்டு நந்தியாவட்டைக்கு மட்டும் அடிக்கலீங்களா?”

அவள் மேல் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு நான் உண்மையாகக் காட்டிய ஒரே உணர்ச்சி அதுதான்.

கொக்கு இறகு

இரண்டு நாள் கழித்து மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். முதல் செடியில் மண்வெட்டியை ஓங்கியபோது வேலிக்கு வெளியே குரல் கேட்டது.

“தோண்டாதீங்க. நகத்துல பட்டையக் கீறிப் பாருங்க.”

தோட்டத்துப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, பாதைக்கு அந்தப் பக்கத்து ஓரத்தில், பத்தடி தள்ளி நின்றார். கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை.

“உசுரு இருக்குதுங்க. முழங்கால் ஒசரத்துக்கு வெட்டி உடுங்க. பாலு கண்ணுல பட்டுறாமப் பாத்துக்குங்க.”

அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வெட்டியதும் வெள்ளைப் பால் கசிந்தது. எல்லாவற்றையும் வெட்டி முடித்தபின் அடுத்ததைச் சொன்னார்.

“இப்ப தூரச் சுத்தி மேல் மண்ண ஒரு சாண் ஆழத்துக்கு வழிச்சு எடுங்க.”

அந்த ஒரு சாணுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வழித்தேன். பச்சையும் கறுப்புமாகக் கட்டி கட்டியாக வந்தது. குப்பென்று நாற்றம் கிளம்பியது. உடைந்த முட்டை ஓடுகள் வந்தன. அடுத்த வெட்டில் வெள்ளை இறகுகள் ஏழெட்டு, மண் ஒட்டிக்கொண்டு மேலே வந்து விழுந்தன.

இருவரும் அவற்றைப் பார்த்தோம்.

யாரும் கேட்காமலே நான் சொன்னேன்: “கொக்கு இறகுங்க.”

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஏரி கிடையாது. நெல் வயல் கிடையாது. நான் அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கொக்கைப் பார்த்ததில்லை.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆமாங்க. கொக்கு இறகாத்தான் இருக்கும்” என்றார்.

பிறகு, “அந்த மண்ணையெல்லாம் தூரமாக் கொண்டுபோய்க் கொட்டீருங்க. நாலஞ்சு நாளைக்கு வேர் முங்கத் தண்ணி உடுங்க. சூடு எறங்கீரும்” என்றார். வெயில் சூட்டை அவர் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி தலையாட்டினேன்.

“வெட்டுன குச்சிய எரிச்சுறாதீங்க, பொகை ஆகாது. எனக்குக் குடுங்க.”

பாதையைத் தாண்டி வந்தார், வேலிக்கு மேலே எடுத்துக் கொடுத்தேன். ஒரு கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார். என் வாழ்நாளில் என்னை எத்தனையோ முதலாளிகள் திட்டியிருக்கிறார்கள். ஒரு திட்டும் அந்த ‘ஆமாங்க’ போல என்னைச் சுட்டதில்லை.

சால்வை

வேரில் உயிர் இருக்கிறது, கொஞ்சம் பார்க்கலாம் என்று கமிட்டியில் சொல்லி குரோட்டன்ஸைத் தள்ளிப்போட்டேன். ஆடிக் காற்றுக்குள் துளிர் விட்டது. தையில் புதர் கட்டியது. அடுத்த சித்திரையில் அரளி பூத்த மாதிரி அதற்கு முன்னால் பூத்ததே இல்லை. பரிகாரம் பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. தலைவர் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்.

ஆண்டு விழாவில் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கருகிய நந்தவனத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று சால்வை போர்த்தினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுத்தைக் குனித்துக் கொடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. பொய் சொன்னது ஒரு நொடிப் பயம் என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சால்வைக்குக் குனிந்தது எந்தப் பயத்தில்?

அந்த அம்மாவும் வந்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார். முதல் மாலையாகச் சேலத்து மாலை ஏறியது.

சால்வை பீரோவில் இருக்கிறது. கமலா அதை ஒரு நாளும் துவைத்ததில்லை, மடித்ததில்லை. நான் சுருட்டி வைத்தபடியே இருக்கிறது.

பெயர் எங்கே?

இந்தத் தொடர் வெளிவர ஆரம்பித்த பிறகு, போன மாதம் கமலா கேட்டாள்: “கோழிக்குச் சளி புடிச்சதெல்லாம் எழுதறீங்க. அரளி காஞ்சத எப்ப எழுதுவீங்க?”

மூன்று நாள் உட்கார்ந்து இதுவரை நீங்கள் படித்ததை எழுதினேன். எழுதி முடித்ததும், அச்சுக்கு அனுப்பும் முன் அந்த அம்மாவிடம் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. யோக்கியமாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பு வேறு கொஞ்சம் இருந்தது. நாலு வருடம் கழித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஆட்டுப்பட்டியை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு வரிசை செவ்வரளி. அன்றைக்கு என் கையால் வேலிக்கு மேலே கொடுத்த குச்சிகள். ஆடு வாய் வைக்காது என்பதால் வேலியாகவும் ஆகிவிட்டது. அவர் ஒரு சாக்கில் உட்கார்ந்து மொட்டுகளைத் தொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் தெரு மாரியம்மனுக்காம்.

“வாங்க. உக்காருங்க” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

படித்தேன். கொக்கு இறகு வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மீதியையும் படித்தேன். தண்ணீர் கொடுத்ததைத் தவிர அவர் ஒரு முறைகூட நிறுத்தாமல் தொடுத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?”

“நாமக்கல்லுல பொறந்து வளந்தவளுக்குக் கோழி எருவு வாசம் தெரியாதுங்களா? பள்ளிபாளையத்துல இருந்து வந்து எறங்குன அன்னைக்கே தெரியும்.”

“அப்பறம் ஏனுங்க கூட்டத்துல சொல்லலை?”

வாழைநாரைப் பல்லில் கடித்து அறுத்தார். “நான் சொன்னா நம்பியிருப்பாங்களா? அதனாலதான உங்களையச் சொல்லச் சொன்னேன்.”

நான் எழுந்து நின்று கை கூப்பினேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

“அத அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. “இதுல என்ற பேரு எங்கீங்க?”

“உங்களுக்குச் சங்கடம் வேண்டாமுன்னு…”

“எனக்கென்னங்க சங்கடம்? தீட்டோட தண்ணி ஊத்திச் செடியக் கொன்னவளுன்னு பேசுனப்ப, என்ற பேரச் சொல்லித்தானுங்க பேசுனாங்க. இப்பவும் அந்த வழியாப் போனா, சின்னப் புள்ளைங்ககூட இந்த ஆத்தாதான் அதுன்னு காட்டுது. நான் தப்புப் பண்ணலேன்னு எழுதறப்ப மட்டும் எதுக்குங்க பேரில்லாம எழுதறீங்க?”

அவருடைய சங்கடத்துக்காக அல்ல, என் தெருக்காரர்கள் இதை யாரோ எவரோ என்று படித்துவிட்டுத் தாண்டிப் போகட்டும் என்றுதான் பெயரை மறைத்தேன். அவர் கேட்கும்வரை எனக்கே அது தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய்.

“அம்மான்னு வேண்டாமுங்க. பேரப் போடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மொட்டை எடுத்தார்.

இந்த வார இதழ் தலைவர் வீட்டுக்கும் வரும். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளுக்கு வரும். நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். ஆகவே தெரு முழுக்கப் புரியும்படி எழுதிவிடுகிறேன்.

அவர் பெயர் பாவாயி. பாவாயி ஊற்றியது தண்ணீர். அரளி கருகியது நான் போட்ட பச்சைக் கோழி எருவால்.